பின் சீட்டு, இடது பக்கம்

விடியக்காலை மூணு மணி. மலை ரோடு. ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம்... இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் வரிசை, அதுக்கு அப்பால ஒண்ணுமே இல்ல. எதிர்ல ஒரு வண்டி கிடையாது. பின்னால ஒரு வண்டி கிடையாது. ஒரே ஒரு பழைய கார் மட்டும் மெதுவா இறங்கிட்டிருக்கு. ஓட்டறது ஒரு மனுஷன். பின் சீட்டுல, இடது பக்கம், அவரோட சம்சாரம்.

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. கத்திப் பேச முடியாது, உள்ள எல்லாரும் தூங்கறாங்க.

இது என்கூட வேலை பார்க்கறவனோட தாய்மாமாவுக்கு நடந்தது. அவன் மாமான்னு சொல்லுவான், நானும் அப்படியே சொல்றேன். மாமாவோட சம்சாரம் அத்தை. அப்புறம் மாமாவோட அக்கான்னு ஒருத்தங்க வருவாங்க. அவங்கதான் என் ஃப்ரெண்டோட அம்மா. அவங்க இப்ப எப்படி இருக்காங்கன்னு மட்டும் யாரும் கேக்காதீங்க. நான் ஒரு தடவை கேட்டுட்டேன். அவன் பாதிச் சாப்பாட்டுல எழுந்து கை கழுவப் போயிட்டான்.

மாமாவுக்குத் தொழில், கதவு ஜன்னல் மாட்டறது. கோணல்னா அவருக்கு ஆகவே ஆகாது. யார் வீட்டுக்குப் போனாலும் சரி, "வாங்க, உக்காருங்க"ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள, சுவத்துல சாய்ஞ்சு தொங்கற காலண்டரை நேரா வச்சுடுவாரு. கையில எப்பவும் ஒரு ரசமட்டம் இருக்கும். கொத்தனார்கிட்ட பார்த்திருப்பீங்க... ஒரு சின்னக் கட்டை, நடுவுல கண்ணாடிக் குழாய், அதுக்குள்ள ஒரு குமிழி. எந்தப் பக்கம் உயரமோ, குமிழி அந்தப் பக்கம் ஓடும். மட்டமா இருந்தா நடுவுல நிக்கும். இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. இந்தக் கதைக்கு வேண்டிய படிப்பு அவ்வளவுதான்.

கார் மாமாவோட அப்பா வச்சுட்டுப் போனது. நீளமான மூக்கு, உருண்டைக் கண்ணு மாதிரி ரெண்டு லைட்டு, முகம் பார்க்கலாம்னு சொல்ற அளவுக்குப் பளபளன்னு பம்பர். குழந்தை குட்டி கிடையாது அவங்களுக்கு. அவர் அந்தக் காரைக் குளிப்பாட்டறதைப் பார்த்தா கிடையாதுன்னு சொல்லமாட்டீங்க. அத்தை வாசல்ல நின்னு கிண்டல் பண்ணுவாங்களாம். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பார்க்கறேன். என் முகத்தை இப்படி ஒரு தடவை உத்துப் பார்த்திருக்கீங்களா நீங்க?"

மாமா சிரிப்பாரு. "இந்தா, அந்தத் துணியை எடு"ம்பாரு. அத்தையை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. அந்தக் காலத்து ஆளுங்க அப்படித்தானே... எல்லாத்துக்கும் ஒரு "இந்தா". இந்தா சோறு போடு, இந்தா கதவைச் சாத்து, இந்தா இங்க வந்து பாரேன். அத்தையும் அதுக்குத்தான் திரும்புவாங்க.

அப்புறம் அத்தைக்கு முதுகெலும்புல வந்துச்சு. என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். வாராவாரம் போகணும், முதல் ஆளா போய் நின்னாத்தான் பெரிய டாக்டரைப் பார்க்க முடியும், அதனாலதான் அந்த நேரத்துக்கு இறங்கறது. ஒரே ஒரு தடவை ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டுப் போனாரு. போய் இறங்கினதும் அத்தை அவர் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. "இனிமே என்னை இதுல ஏத்தாதீங்க. செத்தாலும் நம்ம கார்லயே சாகறேன்." வலியில சொல்ற வார்த்தை. அதை யார் கணக்குல எடுத்துப்பாங்க?

புது வண்டிங்கள்ல நெட்டுக்குத்தாத்தான் உக்கார முடியும். அத்தையால அது முடியாது. இந்தக் காரோட பின் சீட்டு சோபா மாதிரி, தலகாணி வச்சுப் பாதி படுத்த வாக்குல சாஞ்சுக்கலாம். ஆனா வளைவுல வண்டி திரும்பணுமே... அங்கதான் பிரச்சனை. ஸ்பிரிங்குப் பட்டையெல்லாம் நொந்து போன வண்டி. வலது பக்கம் ஒடிச்சா அப்படியே இடது பக்கம் படுத்துக்கும். எழுந்திருக்கறதுக்குள்ள அடுத்த வளைவு வந்துடும், இந்தப் பக்கம் சாயும். அத்தை மேல இருக்கற கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு வருவாங்க. சத்தம் போட்டா இவரு பதறுவாருன்னு சத்தமே போடமாட்டாங்க. வலி தாங்க முடியாம மூக்கால ஒரு முனகல் மட்டும் வரும். ஒவ்வொரு வளைவுக்கும் ஒண்ணு... ம்ம்... ம்ம்...

மாமா ஒரு நாள் வண்டியை ஓரம் கட்டிட்டு, இறங்கி, அந்தக் கல் வரிசைக்குப் பக்கத்துல போய் நின்னு வாயில கையை வச்சுக்கிட்டு அழுதிருக்காரு. தான் ஆசையா வச்சிருந்த காரே தன் பொண்டாட்டியைச் சித்திரவதை பண்ணுது. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

மெக்கானிக் ஒருத்தர் இருந்தாரு. பட்டப்பேரு 'அவசரம்'. ஏன்னா அந்த ஆளு பொறந்ததுலேர்ந்து எதுக்குமே அவசரப்பட்டதில்ல. மாமா அவர் பட்டறையில போய் நின்னு, கிட்டத்தட்ட காலைப் பிடிக்காத குறையா கேட்டாரு. "இது வளைவுல சாயக் கூடாதுப்பா. அவ முதுகு ஆடக் கூடாது. என்ன பண்ணணுமோ பண்ணு."

அவசரம் எல்லாத்தையும் கழட்டினாரு. பின்னால புது ஸ்பிரிங்குப் பட்டை, நாலு சக்கரத்துக்கும் கேஸ் ஷாக் அப்சார்பர், முன்னால வண்டி சாயாம பிடிக்கறதுக்கு ஒரு தடிமனான ராடு, மூட்டுக்கு மூட்டு புது ரப்பர் புஷ்ஷு. மாமாவும் கூடவே கீழ படுத்துக்கிட்டு ஸ்பேனர் எடுத்துக் குடுத்தாரு. எல்லாம் மாட்டியாச்சு. கடைசியா போல்ட்டை இறுக்கணும். மாமா கையை வைக்கப் போனாரு, அவசரம் தட்டி விட்டுட்டாரு.

"ஜாக்கியில தூக்கி நிக்கறப்போ இறுக்கினா, தொங்கற நிலையிலயே ரப்பர் பிடிச்சுக்கும்ண்ணே. அப்புறம் ஆயுசுக்கும் அது முறுக்கிக்கிட்டே கிடக்கும். வண்டியை இறக்கணும். யாரு உக்காரப் போறாங்களோ அவங்க உக்காரணும். அப்புறம்தான் கடைசி இறுக்கு. கார் அவங்களைத் தெரிஞ்சுக்கட்டும்."

அத்தையைப் பட்டறைக்குத் தூக்கிட்டு வந்தாங்க. தூக்கறதுக்கு என்ன இருக்கு... அந்த நேரத்துல அவங்க அவ்வளவு இளைச்சுப் போயிருந்தாங்க. பின் சீட்டுல இடது பக்கம் சாஞ்சு உக்கார வச்சாங்க. மாமா பின் பம்பர் மேல ரசமட்டத்தை வச்சாரு. அவசரம் இடது பக்கம் ஸ்பிரிங்குக்கு அடியில ஒரு தகடு குடுத்தாரு, பார்த்தாரு, இன்னொரு தகடு குடுத்தாரு. குமிழி நடுவுல வந்து நின்னுச்சு. டக் டக்குன்னு எல்லாப் போல்ட்டையும் இறுக்கிட்டாரு.

அத்தை ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தாங்க. "என்னை எடை போட்டு முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு"ன்னாரு மாமா. "இனிமே இந்த வண்டி உனக்குன்னே தைச்ச சட்டை."

ஆச்சா... இப்ப அந்த மூணு மணி ரோட்டுக்கு வாங்க. வேலை முடிஞ்சு முதல் தடவையா இறங்கறாங்க.

முதல் வளைவு. மாமா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒடிச்சாரு. வண்டி சாயல. பூ மாதிரி திரும்புச்சு. ரெண்டாவது வளைவு, அதுவும் அப்படியே. பின்னால இருந்து அத்தை, "அட... என்னங்க இது"ன்னாங்க. அந்தக் குரல்ல வலி இல்ல. எத்தனை மாசம் கழிச்சு அப்படி ஒரு குரல்! மாமாவுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அடுத்தது கொண்டை ஊசி வளைவு. இருக்கறதுலயே மோசமான வளைவு அதுதான், நடு முனையில எதிர்வண்டி தெரியறதுக்காக ஒரு வட்டக் கண்ணாடியைக் கம்பத்துல மாட்டி வச்சிருப்பாங்க. "மெதுவா"ன்னாங்க அத்தை. மெதுவா திருப்பினாரு. ஒரு முனகல் இல்ல. அதுக்கப்புறம் எந்த வளைவுலயும் ஒரு முனகல் இல்ல. தூங்கிட்டா, நிம்மதியா தூங்கறான்னு நினைச்சாரு. எழுப்பக் கூடாதுன்னு ஹாரன்கூட அடிக்கல. சின்னதா ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கிட்டே ஓட்டினாரு.

ஆஸ்பத்திரி வாசல்ல ஸ்ட்ரெச்சர் தள்றவர் வந்து இடது கதவைத் திறந்தாரு. திறந்தவர் மாமாவைத் திரும்பிப் பார்த்தாரு.

உடம்பு ஆறிப் போயிருந்துச்சு. டாக்டர் கேட்டாரு, "எப்போ ஆச்சு?"ன்னு. மாமாவுக்குத் தெரியல. யோசிச்சுப் பாருங்க. கார் பழையபடி ஆடியிருந்தா அவ முனகியிருப்பா. முனகல் நின்ன இடத்துல இவருக்குத் தெரிஞ்சிருக்கும், கையையாவது பிடிச்சிருப்பாரு. இவரு பாடிக்கிட்டு ஓட்டியிருக்காரு. அவ ஆசைப்பட்ட மாதிரியே அந்தக் கார்லயே போயிட்டா, இவருக்குத் தெரியவே இல்ல.

எல்லாம் முடிஞ்சுது. வந்தவங்க எல்லாம் கிளம்பினாங்க. அக்கா மட்டும் தங்கிட்டாங்க, தம்பியை அந்த நிலைமையில விட்டுட்டுப் போக மனசு வரல. கார் ஷெட்டுல நின்னுச்சு. நின்னா... கோணலா நின்னுச்சு. அவசரம் அத்தையோட எடைக்குத் தகடு வச்சதில்லயா, அந்த எடை இல்லாததால இடது பக்கம் பின்னால கொஞ்சம் தூக்கிக்கிட்டு நிக்கும். மத்தவங்க கண்ணுக்குத் தெரியாது. மாமா கண்ணுக்கு அது மட்டும்தான் தெரியும். அந்த வீட்டுல அவ இல்லேங்கறதை அந்த வண்டி வாயைத் திறக்காம சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அவசரம் வந்து, "தகட்டை எடுத்துடறேண்ணே, நேராயிடும்"ன்னாரு. மாமா அவரை அடிக்காத குறைதான்.

ஒரு ராத்திரி. கரண்ட் இல்ல, புழுக்கம். மாமா முழிச்சுக்கிட்டுதான் படுத்திருந்தாரு. ஷெட்டுல சத்தம் கேட்டுச்சு.

க்ரீ...ச்... ம்க்.

ஸ்பிரிங்கு இறங்கற சத்தம். வண்டியில ஆள் ஏறி உக்காந்தா வருமே, அது. டார்ச்சை எடுத்துக்கிட்டு ஓடினாரு. யாரும் இல்ல. கதவெல்லாம் சாத்தியிருக்கு. ஆனா கார்... நேரா நிக்குது. ரசமட்டத்தை எடுத்துப் பம்பர்ல வச்சாரு. குமிழி ஆடி ஆடி... நடுவுல வந்து நின்னுச்சு. டிரைவர் கதவைத் திறந்தாரு. உள்ள தைல வாசனை. அத்தை முதுகுக்குத் தேய்ச்சுக்கற தைலம், இப்பத்தான் தேய்ச்ச மாதிரி.

நீங்களும் நானும்னா ஓடியிருப்போம். மாமா ஏறி உக்காந்தாரு. பின்னால திரும்பல. கண்ணாடியைப் பார்க்கல, அதை மேல பார்த்துத் திருப்பி விட்டுட்டாரு. பார்த்தா இல்லாம போயிடுமோன்னு பயம். "வந்துட்டியா"ன்னாரு. விடியறவரைக்கும் அப்படியே உக்காந்திருந்தாரு.

அதுக்கப்புறம் அந்த மனுஷனைப் பிடிக்க முடியல. ராத்திரி ஆனா வண்டியை எடுத்துடுவாரு. தெருத்தெருவா, ஊர் தூங்கற நேரத்துல, ஒரு பள்ளத்துல சக்கரம் விழாம ஓட்டுவாரு. பேசிக்கிட்டே ஓட்டுவாரு. அன்னிக்குப் பேசாததையெல்லாம் பேசுவாரு. இடது பின் கதவை மட்டும் தொடவே மாட்டாரு. ஏன்னா, திறந்து அவ இறங்கிப் போயிட்டா என்ன பண்றது? திரும்பிக் கொண்டு வந்து வச்சதும் முதல் வேலை, ரசமட்டத்தை வச்சுப் பார்க்கறது. குமிழி நடுவுல. அப்பாடா. அப்புறம்தான் ரெண்டு வாய் சாப்பிடுவாரு.

அக்கா எத்தனை நாள்தான் பொறுத்துப்பாங்க? தம்பி எலும்பும் தோலுமா ஆயிட்டாரு. வேலைக்குப் போறதில்ல. ஷெட்டுல தனியா பேசற சத்தம். ஒரு நாள் பகல்ல அவர் அசந்து தூங்கிட்டிருந்தப்போ, இந்தக் காரைக் கொஞ்சம் சுத்தம் பண்ணி வெளிய தள்ளினாத்தான் இவனுக்குப் புத்தி வரும்னு போனாங்க. பின் சீட்டுல அத்தையோட தலகாணி அப்படியே இருக்கு. அதை எடுக்கலாம்னு...

இடது கதவைத் திறந்தாங்க.

டொக்.

வண்டி எம்பிச்சு. அக்கா கையில இருந்த கதவே ஆடிச்சு. யாரோ அவங்களை ஒட்டி, புடவையில உரசிக்கிட்டு நகர்ந்து போன மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பார்த்தாங்க. வெயில். காலி வாசல். அவ்வளவுதான்.

சத்தம் கேட்டு மாமா ஓடி வந்தாரு. வண்டி நின்ன கோணத்தைப் பார்த்தாரு. அவருக்கு ரசமட்டமே தேவைப்படல. தரையில உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டாரு. "நீ யாரை இறக்கி விட்டேன்னு தெரியுமாக்கா உனக்கு? யாரை இறக்கி விட்டேன்னு தெரியுமா?"

அக்காவுக்கும் பயம்தான். ஆனாலும் வெளிய காட்டிக்கல. "போனவ போயிட்டாடா தம்பி. போக விடுடா. நீ பிடிச்சு வச்சுக்கிட்டா அவளுக்கும் நிம்மதி இல்ல, உனக்கும் இல்ல."

அவர் காதுல அது ஏறல. அன்னிலேர்ந்து வீட்டுல ஒரு கதவைச் சாத்த விடல. வாசல் கதவு, உள் கதவு, கொல்லைக் கதவு, ராத்திரியும் பகலும் எல்லாம் திறந்தே கிடந்துச்சு. ஊருக்கெல்லாம் கதவு மாட்டிக் குடுத்த மனுஷன்... தாழ்ப்பாளையே கழட்டி எறிஞ்சாரு. அவ வீட்டுக்குள்ள வரட்டும், கார்ல ஏறட்டும், எங்கயாவது வரட்டும். அறை அறையா நின்னு, "இந்தா... இந்தா..."ன்னு கூப்பிட்டுப் பார்த்தாரு. ஒண்ணும் வரல. கார் இடது பக்கம் தூக்கிக்கிட்டு அப்படியே நின்னுச்சு.

யாருடா அது கதவைப் பார்க்கறது? நம்ம கதவு சாத்தியிருக்கு. இங்க பாரு.

அப்புறம் மாமாவுக்கு ஒரு நினைப்பு. அவ உயிர் வீட்டுல போகல. ரோட்டுல போனா. கடைசியா பேசினது எங்க? "மெதுவா"ன்னு சொன்னாளே... கொண்டை ஊசி வளைவுல. அப்போ அவ அங்கதானே நிப்பா? இத்தனை நாளா வீட்டுல தேடிக்கிட்டிருக்கேனே மடையன்னு சொல்லிக்கிட்டே வண்டியை எடுத்தாரு. அக்கா நல்ல தூக்கத்துல இருந்தாங்க.

போய்ச் சேர்ந்தாரு. அதே மாதிரி இருட்டு. இன்ஜினை அணைச்சாரு. லைட்டை அணைச்சாரு. இறங்கிச் சுத்தி வந்து இடது பின் கதவை அகலத் திறந்து வச்சாரு. தலகாணியைத் தட்டி வச்சாரு. பூச்சிங்க கத்திக்கிட்டிருந்துச்சு. சூடான இன்ஜின் டிக்... டிக்குன்னு ஆறிக்கிட்டிருந்துச்சு.

"இந்தா... வந்துட்டேன். ஏறிக்கோ."

ஒண்ணும் இல்ல.

"இந்தா. குளிருது பாரு. ஏறிக்கோ, வீட்டுக்குப் போலாம்."

ரொம்ப நேரம் நின்னாரு. அப்புறம் அவருக்குத் தாங்கல. உடைஞ்சு போயிட்டாரு. கல் வரிசையைப் பிடிச்சுக்கிட்டு, அந்தப் பள்ளத்தைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாரு. "இந்தா! எங்க இருக்க? வாயேன்! உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன், வந்து ஏறு! வா!"

ஒண்ணு யோசிங்க. அந்த வளைவுல எத்தனை வண்டி உருண்டிருக்கும்? எத்தனை பேர் போயிருப்பாங்க? அவர் பேரைச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு தடவை, அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். 'இந்தா'ன்னா... யாருன்னு அர்த்தம்?

பூச்சிச் சத்தம் நின்னுச்சு.

மொத்தமா. யாரோ கையை வச்சு அடைச்ச மாதிரி. இன்ஜின் ஆறற சத்தம் மட்டும் டிக்... டிக்...

க்ரீ...ச்...

வண்டி இறங்குச்சு. இறங்கி... இன்னும் இறங்கி... ம்ம்க். நின்னுச்சு.

மாமாவுக்கு வந்த சந்தோஷத்துல கால் தரையில நிக்கல. கதவைப் பூப்போல சாத்தினாரு. ஏறி வண்டியை எடுத்தாரு. வழி பூரா பேச்சு. அக்கா தெரியாம பண்ணிட்டா, மனசுல வச்சுக்காதே. நான் பார்த்துக்கறேன், இனிமே யாரும் கதவைத் தொடமாட்டாங்க. வண்டி மட்டும் ஒரு மாதிரி ஓடுச்சு. வளைவுல பின்பக்கம் இழுத்துச்சு. இடது சக்கரம் மேல தகரத்துல பட்டு சர்ர்... சர்ர்னு உரசுச்சு. புது ஸ்பிரிங்கு, புது ஷாக், எதுவும் உரசக் கூடாது. மாமாவுக்கு என்ன தோணுச்சு தெரியுமா? சிரிச்சுக்கிட்டே சொன்னாராம். "உடம்பு தேறியிருக்க போல. நல்லா சாப்பிடறியா அங்க?"

பின்னால இருந்து மூச்சு விடற சத்தம் வந்துச்சு. தைல வாசனை வரல. ஈர மண்ணு வாசனை. ரொம்ப நாள் மூடிக் கிடந்த தொட்டியைத் திறந்தா வருமே, அந்த நாத்தம். மலைக் காத்துன்னு நினைச்சுக்கிட்டாரு. நினைச்சுக்கத்தான் ஆசைப்பட்டாரு, பாவம்.

ஷெட்டுல கொண்டு வந்து நிறுத்தினாரு. வழக்கம் போல ரசமட்டத்தை எடுத்துப் பின் பம்பர்ல வச்சு டார்ச் அடிச்சாரு.

குமிழி நடுவுக்கு வரல. வலது பக்கம் ஓடுச்சு. ஓடி, கோடியில போய் ஒட்டிக்கிச்சு.

வலது பக்கம் உயரம்னா... இடது பக்கம் இறங்கியிருக்கு. குனிஞ்சு பார்த்தாரு. டயருக்கும் தகரத்துக்கும் நடுவுல எப்பவும் ஒரு கையை விடலாம். இப்போ ஒரு விரல் நுழையல. அத்தையை அவர் ஒத்தைக் கையால தூக்கினவரு. அந்தக் கனம் அவர் கைக்குத் தெரியும்.

இது அவ இல்ல.

அப்படியே நின்னாரு. உள்ள என்ன உக்காந்திருக்குன்னு டார்ச் அடிச்சுப் பார்க்கற தைரியம் வரல. ஜன்னல் கண்ணாடி உள்பக்கமா ஆவி படிஞ்சு வெளுத்துப் போயிருந்துச்சு. மூச்சு... உள்ள மூச்சு வாங்கிக்கிட்டே இருந்துச்சு. தூக்கிட்டு வந்தாச்சு. இப்ப என்ன பண்றது? திரும்பக் கொண்டு போய் விடறதுன்னா, இன்னொரு தடவை அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு அந்த ரோட்டுல ஓட்டணும். அவரால முடியல. போய்த் தொலையட்டும், இறங்கி எங்கயாவது போகட்டும். கையை நீட்டி இடது கதவைத் திறந்துட்டு, சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டு, கையெடுத்துக் கும்பிட்டாரு.

"தப்பு பண்ணிட்டேன். உங்களைக் கூப்பிடல. என் பொண்டாட்டியைக் கூப்பிட்டேன். தயவு பண்ணி இறங்கிடுங்க."

அப்புறம் மெதுவா, ரொம்ப மெதுவா, வண்டி எழுந்துச்சு. டயர் தெரிஞ்சுது. பம்பர் மேல குமிழி வலது கோடியை விட்டு நகர்ந்து, நடுவைத் தாண்டி, இடது பக்கம் போய் நின்னுச்சு. வண்டி காலி. நாத்தம் குறைஞ்சுது. வெளிய பூச்சி ஒண்ணு கத்த ஆரம்பிச்சுது. மாமா சுவத்துல சரிஞ்சு உக்காந்து, எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் முழுசா ஒரு மூச்சு விட்டாரு.

அப்போதான் வீட்டுக்குள்ள இருந்து அக்கா குரல் கேட்டுச்சு. பாதித் தூக்கத்துல, சலிச்சுக்கிட்டு.

"டேய் தம்பி... கால்மாட்டுல உக்காராதடா, கட்டில் அப்படியே சாயுது... என்னடா இது, உடம்பெல்லாம் ஈரம்... சரி, சரி, அழாத. தள்ளிக்கறேன்... வந்து படு."